சைபர் மாடிக்காரர்கள்

நூற்றுக்கு நூறு. அறிக்கையின் முதல் பக்கத்தில், வெள்ள மீட்பு ஆணையத்தின் முத்திரைக்குக் கீழே, கொட்டை எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். ஐப்பசி வெள்ளத்தில் மீட்கப்பட வேண்டியவர்களில் மீட்கப்பட்டவர்கள் நூறு சதவீதமாம். தானியங்கிப் படகுகள் ஒருவரையும் விடவில்லையாம். அமைச்சர் அதைப் படித்துக் கைதட்டல் வாங்கினார். விருது வரப்போகிறது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் பாதுஷா கொடுத்தார்கள். நானும் ஒன்று தின்றேன்.

கையைக் கழுவிவிட்டு வரும்போதுதான் வரவேற்பறையில் சத்தம் கேட்டது.

"நான் இல்லையாம்மா? என் மூஞ்சப் பாத்து சொல்லு. நான் இல்லையா?"

சக்கர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கையெல்லாம் கிரீஸ் கறை. வரவேற்பில் இருந்த பெண் பாவம், திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். 'இந்த முகவரியில் பயனாளி எவரும் இல்லை' என்று அதில் இருந்தது.

"சார், சிஸ்டம் அப்படித்தான் காட்டுது."

"அப்ப இங்க குந்தினு கத்தறது யாரு? ஆவியா?"

அவர் பெயர் ஜெயசீலன். பாலையன் தோட்டம் அடுக்ககம், ஆறாவது பிளாக், தரைத்தளம். பேட்டரி ஆட்டோ பழுது பார்ப்பவர், அந்த பிளாக்கின் செயலாளரும்கூட. இடுப்புக்குக் கீழே செயல் கிடையாது. நான் அவரை என் அறைக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். என் பெயர் இளவேனில். ஆணையத்தில் கணினி நிரல் தணிக்கை என் வேலை, அதாவது மற்றவர்கள் எழுதிய நிரலில் ஓட்டை தேடுவது. அதைச் சொன்னதும் அவர் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஓட்டையா? பெரிய ஓட்டையே கீது மேடம். எங்க வீட்டு வழியாத்தான் போவுது."

அவர் சொன்னது இதுதான். தண்ணீர் ஏறியபோது முதல் மாடிக்காரர்களுக்குப் படகு வந்தது. இரண்டாம் மாடிக்கு வந்தது. தரைத்தளத்துக்கு வரவில்லை. ஜெயசீலன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கைபலத்தில் பரணுக்கு ஏறி, தாடை வரை தண்ணீரில், மறுநாள் மீனவர்கள் வந்து தூக்கும்வரை கிடந்திருக்கிறார். படகுகள் அவர் வாசலைத் தாண்டித்தான் போயின. கத்தியிருக்கிறார். பேர் இருக்கிற ஆளுக்குத்தான் படகின் கதவு திறக்கும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறோம்.

எதிர்வீட்டில் தேவசகாயமும் அவர் மனைவி ஞானசெல்வமும் இருந்தார்கள். ரயில் நிலைய அறிவிப்பு மையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். இருவருக்கும் பார்வை கிடையாது. பரண் எந்தப் பக்கம் என்று ஜெயசீலன் தன் பரணிலிருந்தே கத்திச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். கொஞ்ச நேரம் பதில் வந்ததாம்.

"மஞ்ச சட்டை போட்ட உங்க ஆளுங்கதான் வந்து தூக்கினு போனாங்கோ. விரல வெச்சு மிஷின்ல பாத்தாங்கோ. பேர் வரல. அடையாளம் தெரியாத பாடின்னு அட்டை கட்டிட்டாங்கோ. நான் பேர் சொல்றேன், சர்ச்சு பேரு முதல்கொண்டு சொல்றேன், கேக்கல. எங்க பொதைச்சீங்கன்னு கேட்டா, அப்படி யாருமே இல்லன்றாங்கோ." அவர் குரல் உடையவில்லை. கோபம் அதை விடவில்லை. "அடுத்த புயல் வருதாமே மேடம். எங்க பிளாக்குல மட்டும் கீழ எத்தினி பேர் தெரியுமா? இன்னா செய்யப்போறீங்க?"

எனக்கு வாயில் இன்னும் பாதுஷா இனித்துக்கொண்டிருந்தது. அசிங்கமாக இருந்தது.

வருடத்துக்கு மூன்று மழைக்காலம் என்றான பிறகு, யாரை முதலில் மீட்பது என்பதை மனிதர்களிடமிருந்து பிடுங்கி 'கரை' என்ற நிரலிடம் கொடுத்தோம். மனிதர்கள் சிபாரிசு பார்த்தார்கள், மச்சான் வீட்டுக்கு முதல் படகு அனுப்பினார்கள். நிரல் பார்க்காது. நகரத்தின் எல்லா வீடுகளும் அதற்கு ஒரே நீள வரிசை. தண்ணீர் ஏற ஏற அந்த வரிசையைப் பிசைந்து, யாருக்கு எந்தப் படகு எப்போது என்று இன்னொரு வரிசையாக மாற்றித் தரும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

அந்தப் பகுதியை எழுதியவன் ப்ரணவ். கெட்டிக்காரப் பையன், கோடம்பாக்கத்தில் புதிய அடுக்ககம் ஒன்றில் பெற்றோருடன் இருப்பவன். அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஜெயசீலனின் கதவு எண்ணை வரிசையின் ஆரம்பத்தில் போட்டு, ஒவ்வொரு படியாக எங்கே போகிறது என்று பார்த்தோம். ஊர் பாதி கடலுக்குப் போனபிறகும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற பழைய நிரல்மொழி மட்டும் எங்கேயும் போகவில்லை, அதில்தான் எழுதியிருந்தான்.

"முதல்ல மேப் பண்றேன்க்கா" என்றான். "மேப்னா உள்ள போன எல்லாரும் வெளிய வரணும். உருவம் மாறலாம், எண்ணிக்கை குறையாது. பந்தியில உக்காந்த அத்தனை பேருக்கும் இலை விழற மாதிரி. ஒவ்வொரு வீட்டுக்கும் அதோட மாடி எண், ஆளுங்க பேரு எல்லாம் சேர்த்து எடுத்துக்கறேன்."

ஜெயசீலன் அந்தப் படியில் இருந்தார். தேவசகாயம் குடும்பமும் இருந்தது.

"அடுத்து?"

"அடுத்து ஃபில்டர், சல்லடை மாதிரி. சில பழைய வீடுகளுக்கு மாடி எண்ணே பதிவாகல, காலியா இருக்கும். அதுக்குப் படகு அனுப்பினா எந்த உயரத்துக்குப் போகும்? அதனால காலியா இருக்கறத மட்டும் தூக்கிடுவேன். மேப் போட்டா ஒரு ஃபில்டர். கை கழுவற மாதிரி அது பழக்கம், எல்லாரும் செய்யறதுதான்."

அந்தப் படிக்குப் பிறகு ஜெயசீலன் இல்லை. தேவசகாயம் இல்லை. பாலையன் தோட்டத்தின் தரைத்தளமே இல்லை. நகரம் முழுவதும் பார்த்தேன். ஒரு தரைத்தள வீடுகூட இல்லை.

ப்ரணவ் திரையையே பார்த்தான்.

"தரைத்தளத்துக்கு மாடி எண் என்னடா?"

"சைபர்."

மாடி எண் இருக்கிறதா என்று கேட்க வேண்டிய இடத்தில் அவன் எண்ணையே தூக்கி வாசலில் நிறுத்தியிருந்தான். அந்த மொழியில் வாசல் காவலுக்கு ஒரே கேள்வி: உண்மையா, பொய்யா. ஒன்று உண்மை, பத்து உண்மை. காலி பொய். சைபரும் பொய். பொய் என்றால் வெளியே. அது ஆரம்பப் பாடம். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பரிசோதித்தவர்களுக்கும் தெரியும்.

"சோதனை ஓட்டத்துல எப்படி விட்டீங்க? ஒரு சைபர் வீடுகூடவா போட்டுப் பாக்கல?"

"போடலக்கா." அவன் என்னைப் பார்க்கவில்லை. "எங்க டீம்ல எல்லாரும் அவங்கவங்க அபார்ட்மென்ட்ட வெச்சுத்தான் டெஸ்ட் வீடு போட்டோம். எங்க யார் வீட்லயும் கிரவுண்டுல ஆள் கிடையாது. கார்தான் நிக்கும்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. படியேற முடியாதவர்களுக்குத்தான் தரைத்தளம் என்று வீட்டு வாரியம் விதி வைத்திருக்கிறது. கால் இல்லாதவர், கண் இல்லாதவர், வயசானவர், எல்லோரையும் தேடித் தேடிப் பொறுக்கிக் கீழே குடிவைத்தது இதே அரசாங்கம். தண்ணீர் முதலில் தொடுகிற இடத்தில், ஓட முடியாதவர்களை வரிசையாக வைத்துவிட்டு, அந்த வரிசையை மட்டும் வெட்டியிருக்கிறோம். அந்த நூறு சதவீதமும் அங்கிருந்துதான் வந்தது. வெட்டி மிஞ்சியவர்கள் எத்தனை, அதில் ஏறியவர்கள் எத்தனை என்று கணக்குப் போட்டால் நூறு வராமல் என்ன வரும்? செத்தவர்கள் செத்தார்கள் என்றுகூட அந்தக் கணக்கில் இல்லை.

"அவங்க டேட்டா அழிஞ்சுடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. ஃபில்டர் மூல வரிசையத் தொடாது. புதுசா ஒண்ணு எடுத்து அதுலதான் வெட்டும். மூலத்துல எல்லாரும் அப்படியே இருக்காங்க. படகு, கைரேகை, அறிக்கை எல்லாம் வெட்டினதப் பாக்குது. அவ்வளவுதான்." பிறகு மெல்லக் கேட்டான். "அக்கா, எவ்வளவு பேரு?"

"முதல்ல இதத் திருத்து" என்றேன். அந்த வரியைத் திருத்த அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் திருத்தியதை உள்ளே அனுப்ப இயக்குநரின் அனுமதி வேண்டும்.

இயக்குநர் சந்திரசூடன் கத்துகிற ஆள் இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மஞ்சள் எச்சரிக்கை வந்தாச்சும்மா. எச்சரிக்கை வந்ததுக்கப்புறம் நிரல்ல ஒரு எழுத்து தொடக் கூடாது. விதி. நீங்களும் சேர்ந்து எழுதின விதிதானே?"

உண்மைதான். புயல் நேரத்தில் யாராவது அவசரத்தில் எதையாவது மாற்றி மொத்தப் படகும் நின்றுவிடக் கூடாது என்று வைத்த விதி. "இது அவசரத்துல எழுதற புதுசு இல்ல சார். ஒரே வரி. ஆயிரக்கணக்கான ஆளுங்க."

"இப்ப சிஸ்டம் ஸ்டேபிளா இருக்கு."

"யாருக்கு சார் ஸ்டேபிள்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி, மாத்தறோம்னே வெச்சுக்கோங்க. எதுக்கு மாத்தினீங்கன்னு ஒரு காரணம் எழுதணும். அத எழுதினா, போன மழைக்கு என்ன பதில் சொல்றது? நூறு எழுபதாயிடும்."

"ஆகாது சார். ஏற்கனவே எழுபதுதான்."

"புயல் போகட்டும். நிதானமா பேசலாம்" என்றார். புயல் போனபிறகு யாருடன் பேசப்போகிறார் என்று கேட்க நினைத்தேன். கேட்டும்விட்டேன். அவர் கதவைக் காட்டினார்.

அடுத்த நாள் காலை பாலையன் தோட்டத்துக்குப் போனேன். வானம் இன்னும் வெளிறித்தான் இருந்தது. ஜெயசீலன் ஒரு ஆட்டோவுக்கு அடியில் கையை விட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். நிரலைத் தொட முடியாது, ஆனால் வீட்டு விவரத்தைத் தொடலாம் என்றேன். முகவரித் திருத்தத்துக்கு விண்ணப்பித்தால் புயல் நேரத்திலும் தானாகவே ஏற்றுக்கொள்ளும். செயலாளர் தன் பிளாக் முழுவதற்கும் போடலாம்.

"முதல் மாடின்னு போட்டுறலாமா?"

"கூடாதுண்ணே. முதல் மாடின்னா, தண்ணி முதல் மாடி கிட்ட வந்தாத்தான் படகு கிளம்பும். அதுக்குள்ள நீங்க..."

"பொணமாயிடுவோம். புரியுது. அப்ப?"

சொல்ல எனக்கே நாக்கு கூசியது. "சைபர் இல்லாத ஏதாவது எண் வேணும். உங்க தளத்துக்கு மேல போகக்கூடாது. மைனஸ் ஒண்ணு போடலாம். பேஸ்மென்ட். அதுக்குத்தான் எல்லாத்துக்கும் முன்னாடி படகு வரும்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பூமிக்குக் கீழ கீறேன்னு நானே எழுதிக் குடுத்தாத்தான் உசுரோட கீறேன்னு ஒத்துக்குவீங்களா?"

"ஆமாண்ணே."

"நல்லா கீதும்மா உங்க கணக்கு. ரொம்ப நல்லா கீது." அவர் நாற்காலியைத் திருப்பினார். "வா. எல்லார் வீட்டுக்கும் போவலாம். வெக்கப்பட இது நேரமில்ல."

வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் அதே சண்டை. பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு பெரியவரின் மகள், "எங்கப்பாவ உயிரோட பொதைக்கச் சொல்றியா?" என்று என்னிடம் சீறினாள். ஜெயசீலன்தான் சமாதானம் செய்தார். மற்ற பிளாக் செயலாளர்களுக்கும் போனில் சொன்னார், அவர்கள் அடுத்த தோட்டத்துக்குச் சொன்னார்கள். அலுவலகத்திலிருந்து ப்ரணவும் அவனால் முடிந்த இடத்துக்கெல்லாம் தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தான். முதல் துளி விழும் முன்பு நகரத்தின் தரைத்தளத்தில் பாதிக்கு மேல் பதிவில் மண்ணுக்குள் போயிருந்தது. மீதிப் பாதிக்கு என்ன ஆகும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. சந்திரசூடனை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

புயல் மறுநாள் பிற்பகலில் கரையைக் கடந்தது. நான் கட்டுப்பாட்டு அறையில் ஆறாவது பிளாக்கின் கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாசற்படியைத் தண்ணீர் தொட்டதும் படகுகள் கிளம்பின. எல்லாவற்றுக்கும் முன்னால், ஆளில்லாமல், விளக்கைச் சிமிட்டிக்கொண்டு அவை பாலையன் தோட்டத்துக்குள் நுழைந்தபோது நான் அழுதுவிட்டேன். ஜெயசீலனின் வாசலில் ஒரு படகு சாய்பலகையை நீட்டியது. அவர் நாற்காலியோடு ஏறினார். பக்கவாதக்காரர் மகளோடு ஏறினார்.

எதிர்வீட்டு வாசலிலும் ஒரு படகு நின்றது.

கேமராவில் ஒலியும் வரும். படகு, நாங்கள் பதிவு செய்து வைத்த அந்த இனிமையான பெண் குரலில் கூப்பிட்டது. "தேவசகாயம் அவர்களே, ஞானசெல்வம் அவர்களே, படகில் ஏறவும்." பலகையை நீட்டிக் காத்திருந்தது. மறுபடி கூப்பிட்டது. கதவு திறக்காததால் கொஞ்ச நேரத்தில் பலகையை மடித்துக்கொண்டு அடுத்த வாசலுக்கு நகர்ந்தது. ஜெயசீலன் தன் படகிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் என்ற முறையில் அந்த வீட்டுக்கும் அவர் விண்ணப்பித்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை.

முகாமில் பார்த்தபோது ஏன் என்று கேட்டேன்.

"அவங்க வீடும் கீழதான கீது" என்றார். "அவங்களுக்கும் ஒரு தபா படகு வரட்டுமேன்னுதான்."

மனு போடாத தோட்டங்களில் மறுபடி ஆட்கள் செத்தார்கள். மறுபடி அறிக்கை வந்தது, மறுபடி நூற்றுக்கு நூறு. கூப்பிட்டும் கதவு திறக்காத வீட்டை 'ஆளில்லை' என்று கணக்கிலிருந்து கழித்துவிடுமாம். எச்சரிக்கை நீங்கிய அன்றே ப்ரணவ் தன் திருத்தத்தை முறைப்படி அனுப்பினான். காரணம் என்ற இடத்தில் 'தரைத்தளத்தில் மனிதர்கள் வசிக்கிறார்கள்' என்று எழுதியிருந்தான். அது இயக்குநரின் மேசையில் ஒப்புதலுக்காகக் கிடந்தது, நான் தினமும் போய் நின்று கேட்டேன், அவர் தினமும் பரிசீலிக்கிறேன் என்றார்.

அந்த நேரத்தில்தான் நோட்டீஸ் வந்தது.

பேஸ்மென்ட்டில் குடியிருப்பது சட்டவிரோதம். பழைய பெருவெள்ளம் ஒன்றுக்குப் பிறகு வந்த சட்டம், யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை, கணினி வைத்திருந்தது. மைனஸ் ஒன்று என்று பதிவான ஒவ்வொரு வீட்டுக்கும் ஆணையத்தின் பெயரில் தானாகவே ஓலை போயிருந்தது. ஒதுக்கீடு ஏன் ரத்து செய்யப்படக் கூடாது என்று குடும்பத்துடன் நேரில் ஆஜராகி விளக்கம் அளிக்க வேண்டும். காப்பாற்றும்போது ஆயிரம் ஓட்டை விட்ட அதே இயந்திரம், விரட்டும்போது ஒரு வீட்டைக்கூடத் தவறவிடவில்லை.

அடித்துப் பிடித்துக்கொண்டு பாலையன் தோட்டத்துக்கு ஓடினேன். திருத்தத்தைத் திரும்பப் பெற்றுச் சைபருக்கே போய்விட்டால் நோட்டீஸ் செல்லாது, எப்படியும் சைபரில் யாரும் இல்லை என்றுதான் கணினி சொல்லும் என்று ஜெயசீலனிடம் சொன்னேன்.

"மழ வந்தா மண்ணுக்குள்ள, மழ நின்னா மாயமா? முடியாதும்மா. ஒரு தபா எண்ணிட்டாங்க இல்ல, எண்ணினது எண்ணினதுதான்." அவர் மடியில் இரண்டு நோட்டீஸ்கள் இருந்தன. ஒன்றில் அவர் பெயர். எதிர்வீட்டுக்கு வந்த இன்னொன்றை என்னிடம் காட்டினார். "நான் ஆஜராவறேன். எங்க பிளாக்கே ஆஜராவும். நீ வர்றதுன்னா வா."

போனேன். ஆணையத்தின் பெரிய கூடத்தில்தான் விசாரணை. நடுவில் சந்திரசூடன், இரண்டு பக்கமும் அதிகாரிகள். பாலையன் தோட்டத்துத் தரைத்தளம் மொத்தமும் வந்திருந்தது, நாற்காலியிலும் ஊன்றுகோலிலும் பிள்ளைகளின் தோளிலும். கூடத்துக்கு ஏறப் படி மட்டும்தான் இருந்தது, சாய்தளம் இல்லை. ஒவ்வொருவரையும் தூக்கித்தான் உள்ளே கொண்டுவந்தோம். அதிகாரிகள் நகர்ந்து இடம்விட்டார்களே தவிர ஒருவரும் கை கொடுக்கவில்லை. ப்ரணவ் மட்டும் சட்டை நனைய ஓடி ஓடித் தூக்கினான்.

டவாலி போட்ட சேவகர் நோட்டீஸ் வரிசைப்படி பெயர்களைக் கூப்பிட்டார். முதலில் வந்தது ஜெயசீலனின் எதிர்வீடு.

"தேவசகாயம். ஞானசெல்வம்."

கூடத்தில் யாரும் முன்னால் வரவில்லை.

"தேவசகாயம்! ஞானசெல்வம்!"

"வரலையா?" என்றார் சந்திரசூடன், பேனாவை எடுத்தபடி. "வரலேன்னா ஆஜராகலன்னு எழுதி ஆர்டர் போட்டுருவேன். அவங்க அந்த வீட்ல இருக்கிறாங்கதானே?"

"இருக்கறாங்கன்னு நீங்கதான் சார் எழுதி அனுப்பிச்சிருக்கீங்கோ" என்று ஜெயசீலன் நாற்காலியை முன்னால் தள்ளிக்கொண்டு போனார். ஆணையத்தின் முத்திரை வைத்த அந்த நோட்டீஸை மேசைமேல் வைத்தார். கதவு எண், இருவரின் பெயர், வயது எல்லாம் அதில் இருந்தன. "கைரேகை வெச்சுப் பாத்து அப்படி ஆளே இல்லன்னீங்கோ. இப்ப குடும்பத்தோட வரச் சொல்றீங்கோ."

சந்திரசூடன் காகிதத்தைப் பார்த்தார். இரண்டாவது முறை பார்த்தபோது அவர் பேனா மூடியைத் தேடத் தொடங்கினார்.

"எங்க பொதைச்சீங்கன்னு சொல்லுங்க சார்" என்றார் ஜெயசீலன். "இட்டுனு வரேன்."